பெங்களூரில் ஆக்சிஜன் மெஷின் வாடகை: மெஷினுக்கு மூன்றரை, கைவிசிறிக்கு ஐந்து

முதலில் மதிப்பெண். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு (அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை கொடுக்கும் மெஷின்) ஐந்துக்கு மூன்றரை. அதைக் கொண்டுவந்து வைத்த இரண்டாவது கடைக்கு நான்கு. முதல் கடைக்கு அரை கூடக் கொடுக்க மனசில்லை. கூடவே வாங்கிய நானூறு ரூபாய் பேட்டரி கைவிசிறிக்கு ஐந்துக்கு ஐந்து, கேட்டால் ஆறும் கொடுப்பேன். கடைகளின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இந்தத் தொழிலில் மெஷினும் கைமாறிக்கொண்டே இருக்கிறது, ரிப்பேர் பார்க்கிற பையன்களும் கடை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு நன்றாக இருக்கும் கடை அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது? எந்தக் கடைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்குப் பிரயோஜனம்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்) சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001-ல் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவார். பிறகு குடும்பத்தோடு அல்சூர் பக்கம் மர்ஃபி டவுனுக்கே வந்துவிட்டோம். பாறையைத் துளைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. பீடி வேறு. அப்பாவின் நெஞ்சில் இரண்டும் இருந்தது.

கண்டுபிடித்த கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் நுரையீரலில் விழுகிற) வடு, டிபி, கட்டி மூன்றுமே சாதா எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் தெரியும். சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் ஒரு நர்சிங் ஹோமில் டிபி மாத்திரையை ஆரம்பித்து மாதக்கணக்கில் ஓட்டினார்கள், இருமலில் ரத்தம் நிற்கவே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது டிபி மாத்திரை சாப்பிட்டும் படம் மாறவில்லை என்றால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு அதற்கப்புறம்தான் சிடி, ஊசி வைத்து பயாப்ஸி, பெட் ஸ்கேன் எல்லாம். ஸ்குவாமஸ் வகை, மூன்றாம் நிலை என்றார்கள். ஓசூர் ரோடு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு கீமோ, கூடவே திங்கள் முதல் வெள்ளி வரை ரேடியேஷன், 30 சிட்டிங்கில் மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு).

சரி, மெஷினுக்கு வருகிறேன். கட்டி ஒரு பக்க மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது, மீதி இடத்தில் பழைய தூசி வடு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, விரலில் மாட்டிப் பார்க்கிற ரத்த ஆக்சிஜன் அளவு 86, 87 சதவீதம் என்று நின்றது. மணிக்கட்டு ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆக்சிஜன் வேண்டும், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று நெஞ்சக மருத்துவர் எழுதிக்கொடுத்தார். சீட்டில் இன்னொரு வரியும் இருந்தது: அளவு 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதும். இந்த வரியைத்தான் எல்லா வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். பல வருடம் கெட்டுப்போன நுரையீரலில் ஆக்சிஜனை அள்ளி ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கி, ஆளுக்கு மயக்கம் வரும், குழப்பமாகப் பேசுவார், இன்னும் மோசமாகவும் போகலாம். தம்பி சென்னையிலிருந்து போன் போட்டு, "அக்கா, எதுக்கு அஞ்சு லிட்டர், பத்து லிட்டர் மெஷினே வாங்கிடலாம், நான் காசு போடறேன்" என்றான். பாசம் புரிகிறது. ஆனால் இரண்டு லிட்டர் எழுதியிருக்கிற ஆளுக்குப் பத்து லிட்டர் மெஷின் எதற்கு? கரண்டை அதிகம் தின்னும், சத்தமும் அதிகம்.

மெஷின் ஒன்றும் ஆக்சிஜனைத் தயாரிப்பதில்லை. அறைக்காற்றை உறிஞ்சி, ஜியோலைட் என்ற மணல் மாதிரியான பொருள் நிரப்பிய இரண்டு குழாய்களுக்குள் மாற்றி மாற்றி அழுத்தி அனுப்பும். நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் வெளியே வருவது கிட்டத்தட்ட 93 சதவீத ஆக்சிஜன். ஜியோலைட் ஈரம் குடித்துப் பழசாகிவிட்டால் வெளித்தோற்றத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மோட்டார் ஓடும், டப் டப் என்று சத்தம் வரும், மூக்கில் காற்றும் வரும். அந்தக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முதல் கடை விழுந்தது இங்கேதான். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் விசிட்டிங் கார்டு நீட்டிய கடை, இரண்டு மணி நேரத்தில் டெலிவரி, அதற்குப் பாராட்டு. மெஷினைப் போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. கொண்டுவந்த பையன், "அது அப்படித்தான் மேடம், கொஞ்ச நேரத்துல பச்சை ஆயிடும்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டான். ஓடத் தொடங்கி சில நிமிடம் மஞ்சளாக இருக்கலாம், உண்மைதான், ஆனால் மறுநாள் காலையிலும் மஞ்சளாகவே இருந்தால் ஆக்சிஜன் குறைவாக வருகிறது என்றுதான் அர்த்தம், மெஷினோடு வந்த புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. பின்பக்கம் மணிக்கணக்கு காட்டும் சின்ன மீட்டர் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஊரெல்லாம் வாங்கிக் குவித்த மெஷின்கள் பல இன்னும் வாடகைக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, இதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் "மாற்று மெஷின் திங்கட்கிழமைதான்" என்றார்கள். அன்றைக்கு வெள்ளி. முன்பணம் திரும்பி வர நான் எத்தனை முறை போன் போட்டேன் என்று எழுதினால் இந்தப் பதிவு அதற்கே போதாது.

இரண்டாவது கடை காக்ஸ் டவுன் பக்கம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னது. மாதம் 5,500 வாடகை, 10,000 முன்பணம். மெஷின் புதுசு இல்லை, ஓரத்தில் கீறல் எல்லாம் இருந்தது, ஆனால் கொண்டுவந்த பையன் கையில் ஆக்சிஜன் அளக்கிற மீட்டர் இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். "அக்கா, மெஷின் மூஞ்சியைப் பாக்காதீங்க, இதைப் பாருங்க" என்று இரண்டு லிட்டரில் வைத்துக் காட்டினான், 94. ஐந்து லிட்டருக்கு ஏற்றியும் காட்டினான், 92. அப்புறம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, மூக்குல டியூப் போட்டா கூச்சமாத்தான் இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்றான். அதுவரை டியூபைத் தொடவே விடாதவர், கே.ஜி.எஃப்-ல் ஹெல்மெட் விளக்கோடு இருந்த பெல்ட் பற்றி அவனிடம் ஆரம்பித்து, அரை மணி நேரம் விடவில்லை. எனக்கென்னவோ நாம் மாதாமாதம் கொடுக்கிற காசு மெஷினுக்கு இல்லை, ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டால் எடுக்கிற ஆளுக்குத்தான் என்று தோன்றுகிறது. ஒருநாள் அந்த நேரத்தில், ஆக்சிஜனை ஈரமாக்க மெஷினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டில் மூடியில் காற்று கசிந்தபோது, வீடியோ காலில் பார்த்து அவனே சரிசெய்ய வைத்தான். நான்கு கொடுத்தது அவனுக்காக. மீதி ஒன்றைப் பிடித்துக்கொண்டது ரசீதுக்காக, கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இனி யாரும் முன்கூட்டியே சொல்லாத சங்கதி: கரண்ட் பில். ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 168 யூனிட் வரும். கர்நாடகாவில் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்று நாம் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம் இல்லையா, வீட்டு உபயோகத்தோடு இது சேர்ந்தால் 200-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் என்று இல்லை, முழு பில்லும் கட்ட வேண்டும். வாடகை 5,500 என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு கார்டு ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் சிகிச்சைக்கு உதவியது, வீட்டு மெஷினுக்கு எங்கள் பைதான்.

கரண்ட் போனால்? வீட்டில் இருக்கிற 150 ஏஎச் இன்வெர்ட்டரில் புது பேட்டரியாக இருந்தால் மெஷினை மட்டும் மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டலாம், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்தால் அதுவும் இல்லை. அதனால் ஒரு பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரை மூலையில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறோம். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், இரண்டு லிட்டரில் ஓடினால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். பெஸ்காம் (பெங்களூர் மின்வாரியம்) மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை பத்து மணிக்கு நிறுத்தினால் சாயந்திரம்தான் வருகிறது, இந்த சிலிண்டர் இல்லாமல் அன்றைக்கெல்லாம் நான் ஆபீஸ் கிளம்பியிருக்க மாட்டேன்.

சத்தத்துக்குத்தான் மெஷினுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைத்தேன். பகலில் தெரியாது. ராத்திரி வீடு அடங்கின பிறகு படுத்தால் மண்டைக்குள் ஓடும். மெஷினை ஹாலில் வைத்து, ஏழு மீட்டர் டியூபை அறைக்குள் இழுத்துவிட்டோம், அதில் அம்மா கால் தடுக்கியதும் டியூபைச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டினேன். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போக வேண்டும், வாரம் ஒருமுறை பஞ்சு ஃபில்டரைக் கழுவிக் காய வைத்துப் போடுங்கள். ஈரப்பத பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் அல்லது கொதித்து ஆறிய தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. ஹாலில்தான் சாமி அலமாரி, அம்மா காலையும் மாலையும் விளக்கேற்றாமல் இருக்க மாட்டார். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி, கேஸ் அடுப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது. கடைசியில் பிள்ளையாரும் மாதாவும் (எங்கள் வீட்டில் இருவரும் உண்டு, கே.ஜி.எஃப் பழக்கம்) சமையலறை ஜன்னல் பக்கம் குடிபோனார்கள். மூக்கு காய்ந்து புண்ணானால் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவக்கூடாது, எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் ஆகாது, தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். விக்ஸையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி இரண்டு வரி. கொரோனா காலத்தில் வாங்கியதே பெரும்பாலான வீடுகளில் இருக்கும், அதுவே போதும். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும், மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தாலும் அப்படித்தான். கறுப்பான தோலில் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது என்று 2020-லிருந்தே ஆய்வுகள் சொல்கின்றன, நம்மவர்களுக்கு அது முக்கியம். மூன்றே மதிப்பெண் கொடுக்கிறேன், காரணம் கருவி அல்ல, நாங்கள்தான். ஆளாளுக்கு அரை மணிக்கொரு முறை அப்பா விரலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நம்பர் 90 என்றால் வீடு சிரிக்கும், 87 என்றால் எல்லோர் முகமும் தொங்கும், அப்பா அந்த முகங்களைத்தான் பார்ப்பார். கடைசியில் விரலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அதுக்கு மேல கேட்டீங்கன்னா கையக் கொடுக்க மாட்டேன்" என்றார். அந்த ஒப்பந்தம்தான் இன்றும்.

இப்போது அந்த நானூறு ரூபாய் விசிறி. ரேடியேஷன் நடுவில், அளவு 91 காட்டுகிறது, மெஷின் ஓடுகிறது, டியூப் சரியாக இருக்கிறது, ஆனாலும் அப்பா "மூச்சு வரல, கூட்டி வை, கூட்டி வை" என்று திணறுகிறார். கூட்டக்கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு உயிரே போய்விடும். வலி, திணறல் மாதிரி உபாதைகளைத் தணிக்கிற பாலியேட்டிவ் பிரிவு நர்ஸ் ஒருவர்தான் எங்களுக்கு இதைப் புரியவைத்தார். பாலியேட்டிவ் என்றதுமே கடைசிக் கட்டம் என்று நினைத்து அம்மா அழுதுவிட்டார், ஆனால் சிகிச்சை நடக்கும்போதே கூட வருகிறவர்கள்தான் அவர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது வேறு, மூச்சுத் திணறுவதாகத் தோன்றுவது வேறு என்றார் அவர். இரண்டாவது மூளையில் பதிவாகும் உணர்வு, பயம் சேர்ந்தால் இரண்டு மடங்காகும். ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறையாத, ஆனால் மூச்சுத்திணறல் தீராத நோயாளிகளுக்கு மூக்கில் ஆக்சிஜன் கொடுத்தும் வெறும் அறைக்காற்றைக் கொடுத்தும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010-ல் லான்செட் இதழில் வந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முகத்தில், மூக்கும் வாயும் இருக்கிற இடத்தில் குளிர்ந்த காற்று பட்டால் அங்குள்ள நரம்பு வழியாக அந்தத் திணறல் உணர்வு குறைகிறது.

ஆக, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் குழந்தைகள் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமே, அந்த மாதிரி சார்ஜ் போடுகிற குட்டி விசிறி. முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூக்கு, மேலுதடு பக்கம் காற்று படும்படி ஐந்து நிமிடம். கூடவே முன்பக்கம் குனிந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். முதல் தடவை அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். இரண்டு நிமிடத்தில் தோள் இறங்கியது. நம்பர் அப்போதும் 91-தான். முக்கியமானது என்னவென்றால் விசிறி அவர் கையில் இருக்கிறது, எங்களை யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். வாடகை, முன்பணம், சிலிண்டர், கரண்ட் பில் எல்லாவற்றையும் சேர்த்த செலவில் எங்கள் வீட்டு ராத்திரிகளை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மெஷினைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம், 86-ஐ 90-க்குக் கொண்டுவந்தது மெஷின்தான், விசிறியால் அது முடியாது.

விசிறியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. திடீரென்று மூச்சு முட்டினால், முகமோ கழுத்தோ வீங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், இருமலில் ரத்தம் கூடினால், கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், அப்போதே வண்டியைக் கூப்பிடுங்கள்.

வாங்குவதா, வாடகையா? புது ஐந்து லிட்டர் மெஷின் நாங்கள் விசாரித்தபோது 45,000 சொன்னார்கள், எட்டு மாத வாடகைக்கே அந்தக் காசு வந்துவிடும், கணக்குப் பார்த்தால் வாங்குவது லாபம். ஆனால் சிகிச்சை ஆரம்பிக்கிற நேரத்தில் வாடகைதான் என் வோட்டு. கட்டி சுருங்கி மூச்சுக்குழாய் திறந்தால் ஆக்சிஜன் தேவையே குறையலாம். அப்பாவுக்கே ரேடியேஷன் முடிகிற சமயத்தில் பகலில் உட்கார்ந்திருக்கும்போது 90 நிற்க ஆரம்பித்தது. டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, பகல் நேரத்தைக் குறைத்திருக்கிறார், ராத்திரிக்கு அப்படியே தொடர்கிறோம். டாக்டர் சீட்டு இல்லாமல், "எதுக்கும் வீட்ல ஒண்ணு இருக்கட்டும்" என்று எடுப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

எடுக்கிறவர்கள் கடையில் இவற்றை வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: டெலிவரி அன்று நம் கண் முன்னால் ஆக்சிஜன் சதவீதம் அளந்து காட்டுவார்களா, மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, கெட்டுப்போனால் எத்தனை மணி நேரத்தில் மாற்று, ஞாயிற்றுக்கிழமை யார் போன் எடுப்பார், மாதம் பாதியில் திருப்பினால் வாடகை எப்படி, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். மூக்கு டியூபும் பாட்டிலும் புதுசாகத்தான் வர வேண்டும், சீல் பிரிக்காத கவரில். எங்கள் கடை அடுத்த மாதத்திலிருந்து ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறது, அதையும் எழுதி வாங்கியாயிற்று.